கிலோ கணக்கு

லாரிக்காரர் சொன்ன தொகையைத் தாளில் எழுதி
ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவைத்தேன்.
ஃபிரிட்ஜ் அதில் பாதி விலைகூடப் பெறாது.
மறுநாள் அதை விற்றேன், தாளோடு.

அல்மாட்டியிலிருந்து அக்தாவு
வரைபடத்தில் ஒரு சாண்.
ரயிலில் மூன்று நாள், அதிலும் பாதி வெறும் புல்வெளி.
அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை:
அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது.
சம்பளம் நல்லது. குடிபெயரும் செலவு என் பாடு.

வீட்டில் இருந்த ஒரே தராசு
நான் ஏறி நிற்பது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்,
இறக்கிவைத்துவிட்டு ஏறினேன்,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன்.
புத்தகங்கள் பத்தொன்பது கிலோ. கம்பளி நாலு.
இரும்புச் சட்டி, மூடி சேர்த்து, ஏழேகால்.
இப்படி ஏறி இறங்கியதில் நானே
ஒரு கிலோ குறைந்தேன். அது இலவசம்.

தபாலில் அனுப்பினால்
முதல் கிலோ இனிக்கும், மற்றதெல்லாம் கசக்கும்.
பங்கு லாரி என்றார்கள்:
லாரி நிறைந்ததும் கிளம்பும்.
எப்போது நிறையும்?
கிளம்புவதற்கு முன்னால்.
விமானச் சரக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
அந்தப் பெண் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ராத்திரியெல்லாம் விசாரணை.
ஒவ்வொன்றையும் கையிலெடுத்து,
நீ வருகிறாயா,
இல்லை, அங்கே உன்னைப்போல் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா?
சுண்டைக்காய்க்கும் சுமைகூலிக்கும்
என்றும் தீராத அந்த வழக்கு
என் சமையலறைத் தரையில் விடியும்வரை நடந்தது.
இஸ்திரிப்பெட்டி தோற்றது. நாற்காலி மூன்றும் தோற்றன.
ஊறுகாய் ஜாடிகள் வாதாடவே இல்லை.
இரும்புச் சட்டி ஜெயித்தது.
நீதிபதி பசியில் இருந்தாள், வேறென்ன.

ஏழாம் நம்பர் பெட்டியில் உல்மெக்கெனைப் பார்,
என்றான் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி விற்கிறவன்.
பார்த்தேன்.
நீலச் சீருடை, கையில் தேநீர்த் தம்ளர்கள்,
என் சாமான்களைக் காலால் தட்டிப் பார்த்தாள்.
"உடையுமா? நாறுமா? குரைக்குமா?"
மூன்றுக்கும் தலையாட்டினேன், இல்லையென்று.
"ஒரு நடைக்கு ஒரு பெட்டி. என் பெர்த்துக்கு அடியில்.
கண்ணாடி ஏற்ற மாட்டேன், சொல்லிவிட்டேன்."
சொல்லும்போதே பார்த்துவிட்டேன்,
மேல்வரிசை இடப்பக்கம், இரண்டு பல் இல்லை.
அவள் உதட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

கூலி பேசினோம்.
நான் பணத்தைச் சொன்னேன், அவள் பல்லைச் சொன்னாள்.

அக்தாவில் ரயில் அரை நாள் நிற்கும்.
டாக்டர் ஜுமாபெக்கின் சாப்பாட்டு நேரத்தில்
அவளை நாற்காலியில் உட்காரவைத்து அச்செடுத்தார்கள்.
முதல் நடை கம்பளி.
இரண்டாம் நடை புத்தகத்தில் பாதி, பிறகு மீதிப் பாதி.
அந்த மூன்று வாரமும்
பிரிக்காத புத்தகப் பெட்டிகள்மேல் பலகை போட்டுப் படுத்தேன்.
இலக்கணம் தலைமாட்டில், சதுரங்கம் கால்மாட்டில்.

நாலாம் நடை சட்டி.
அன்றைக்குத்தான் பல்லைப் பொருத்தினார்கள்.
கிளம்ப இருபது நிமிஷம் இருக்க, பிளாட்பாரத்திலேயே
உலர்ந்த பாதாம்பழம் ஒன்றைக் கடித்தாள்,
கொட்டையோடு.
"அடப் பாவி!" என்று நான் கத்த,
கொட்டையைத் தண்டவாளத்தில் துப்பிவிட்டு
"கொஞ்சம் உயரமாக இருக்கிறது," என்றாள்,
"அடுத்த நடை ராவிக் கொடு."

அடுத்த நடைக்கு அனுப்ப
அல்மாட்டியில் என் சாமான் எதுவும் மிச்சமில்லை.
சொல்லவில்லை அவளிடம்.

அலமாரியில் இப்போது அவளுடைய மேல்தாடை,
வெள்ளை பிளாஸ்டரில், இருநூறு கிராம்.
இங்கே வந்தபின் சேர்ந்த முதல் பொருள்.
கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.